மழலைகளுக்கும் மஹல்லாவில் ஓர் இடம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

கல்விக் குழுவின் ஆண்டறிக்கையை வாசித்துவிட்டு அமர்ந்துவிடுவதே வழக்கம். இவ்வாண்டு அவ்வாறு அமர இயலவில்லை. நிர்வாகத்தின் மேசையில் இரண்டு மனுக்கள் இருக்கின்றன. பள்ளிவாசலை ஒட்டிய மத்ரஸாக் கூடத்தில் நடைபெறும் மழலையர் வகுப்பை வேறிடத்திற்கு மாற்ற வேண்டும் என்கிறது ஒன்று. வகுப்பு நடைபெறும் நாட்களிலும் அதற்கு முந்திய இரவிலும் கூடத்தைத் திருமணத்திற்கு விடக் கூடாது என்கிறது மற்றொன்று. இரண்டிலும் கையொப்பமிட்டிருப்போர் நம்மவர்களே. ஒரே வீட்டில் தந்தையின் கையொப்பம் ஒன்றிலும் மகளின் கையொப்பம் மற்றொன்றிலும் இருப்பதைக் கண்டோம். ஆகவே இது இரு கூட்டத்தாருக்கு இடையிலான வழக்கு அன்று. ஒரு குடும்பத்தின் இரு தேவைகள் ஒரே கதவைத் தட்டுகின்றன. அவ்வளவே.

கூடத்தின் ஒரு நாள்

கூடத்தை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் அதன் ஒரு நாளை முழுமையாகப் பார்த்தவர் மோதினார் ஒருவரே. ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் மக்தப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் புறப்பட்டபின் கூடம் பெருக்கப்படுகிறது. காலை 9.30 மணிக்கு மழலைகள் வந்து, லுஹருடைய பாங்கிற்கு முன்பாகவே வீடு திரும்பிவிடுகிறார்கள். பிற்பகலில் பெண்களுக்கான தையல் வகுப்பு. அஸருக்குப் பின் மீண்டும் மக்தப். மஃரிபுக்குப் பின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் விளக்கொளியில் படிக்கிறார்கள். இவை அன்றாடம். இவற்றுக்கு மேல் நிக்காஹ், வலீமா, ரமளானில் கஞ்சி, மழை வெள்ளக் காலத்தில் தாழ்வான தெருக்களின் மக்களுக்குத் தங்குமிடம், யாரும் எதிர்பாராத நேரத்தில் ஜனாஸாவுக்கு வரும் வெளியூர் உறவினர்களுக்கு நிழல்.

இத்தனையையும் ஒரு கூடம் தாங்குகிறது என்பதற்காக முதலில் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவோம். இதை வக்ஃபு செய்த பெரியவர், பிள்ளைகள் ஓதுவதற்கும் ஊரின் பொதுக் காரியங்களுக்கும் என்று எழுதி வைத்தார். வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மார்க்கத்தின் கட்டளைபோல் மதித்துப் பேண வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் வழக்கு. வக்ஃபின் பயன் அதன் நோக்கத்திற்கே செல்ல வேண்டும் என்பதை 1995-ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டமும் வலியுறுத்துகிறது. அந்த வாசகத்தில் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பொதுக் காரியமும் இருக்கிறது. எனவே ஒரு சாரார் மற்றவரை நோக்கி, "இது உமக்கு உரியதன்று" என்று சொல்ல இடமில்லை.

வகுப்பு ஏன் தோன்றியது?

நெல்லை, தென்காசிப் பகுதிகளில் நம் சமுதாயப் பெண்கள் பல்லாயிரவர் பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது புதிய செய்தி அன்று. நம் மஹல்லாவிலும் பீடிக்கடைக்குக் கணக்குக் கொடுக்காத வீடுகள் குறைவு. இலையும் தூளும் வீட்டுக்கு வருகின்றன. தாயின் மடியில் சுளகு இருக்கிறது. குழந்தை எங்கே இருக்கும்? அந்தச் சுளகின் ஓரத்தில்தான் தவழும். தூள் படிந்த தரையில் தவழ்ந்து, தூள் கலந்த காற்றைச் சுவாசித்து, தூள் பட்ட விரலை வாயில் வைக்கும். இல்லையேல் பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய அக்காள் வீட்டில் நிறுத்தப்பட்டு, தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு தெருவில் நிற்பாள்.

பீடித் தொழிலாளருக்காக 1966-இல் நாடாளுமன்றம் ஒரு தனிச்சட்டம் இயற்றியது. பெண்கள் குறித்த எண்ணிக்கைக்கு மேல் வேலை செய்யும் தொழிற்கூடத்தில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்கெனக் காற்றும் வெளிச்சமும் உள்ள ஓர் அறை இருக்க வேண்டும் என்று அது விதித்தது. நல்ல சட்டம். ஆனால் வேலை தொழிற்கூடத்தில் நடைபெறவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டது. வேலை வந்த வீட்டுக்கு அந்த அறை வரவில்லை. சட்டம் சொன்ன அந்த அறையைத்தான் நாம் மத்ரஸாக் கூடத்தில் காலை மூன்று மணி நேரத்திற்குத் திறந்து வைத்திருக்கிறோம்.

அரசின் அங்கன்வாடி இல்லையா என்று கேட்கலாம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாடு முழுவதிலும் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து குழந்தைகள் மையங்களில் சத்துணவும் வழங்கப்பட்டது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, தாய்மாருக்கு உணவு மற்றும் நலக் கல்வி, முன்பருவக் கல்வி என ஆறு பணிகள் அங்கே நடைபெறுகின்றன. நம்மால் தர இயலாத பலவும் அவற்றில் உள்ளன. ஆனால் நமக்கு அருகிலுள்ள மையம் நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கிறது. லாரிகள் விரையும் சாலையை மூன்று வயதுக் குழந்தையுடன் நாள்தோறும் இருமுறை கடக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது.

'அங்கன்' என்றால் முற்றம் என்று பொருள். குழந்தைக் கல்விக்காக வாழ்நாளை அர்ப்பணித்த தாராபாய் மோடக் அம்மையார், குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தைகளின் முற்றத்திற்குச் செல்லட்டும் என்ற எண்ணத்தில், மகாராஷ்டிரத்தின் பழங்குடி மக்களிடையே முற்றங்களிலேயே வகுப்பு நடத்தினார். 1969-இல் தில்லியில் மீரா மகாதேவன் அம்மையார் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கூலித் தொழிலாளரின் குழந்தைகளுக்குக் காப்பகம் தொடங்கினார். ஏழைக் குழந்தைகளின் கல்வி தொடக்கத்திலிருந்தே பிறருக்குரிய இடத்தின் ஓரத்தில்தான் வளர்ந்து வந்திருக்கிறது. நம் கூடத்தில் நடப்பதும் அதன் தொடர்ச்சியே.

மூன்று மணி நேரப் பாட்டிலும் விளையாட்டிலும் என்ன பயன் என்று சிலர் ஐயுறுகின்றனர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் நல்ல மழலையர் கல்வி அளித்தனர். இரு பிரிவினரையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்து பார்த்தபோது, மழலையர் கல்வி பெற்றவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தோர் மிகுதி. அவர்களின் வருமானம் கூடுதல். குற்ற வழக்குகளில் சிக்கியோர் குறைவு. நமக்கோ அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. தம்பியை இடுப்பில் சுமந்து நின்ற அந்த அக்காள்மார் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று நம் தெருக்களில் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அதுவே போதுமான சான்று.

குறைகளும் நியாயங்களும்

எதிர்த்தரப்பின் நியாயங்களை மறைத்துப் பேசுவது அமானிதத்திற்கு மாறானது. எனவே அவற்றையும் எடுத்துரைக்கிறோம்.

திருமணத்திற்குக் கூடம் கேட்பவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். வசதி உள்ளவர் பெரிய மஹாலுக்குச் சென்றுவிடுகிறார். நம் கூடத்தை நாடி வருபவர், மகளைக் கரையேற்றக் கடன் வாங்கி நிற்கும் தந்தை. அவருக்கு இந்தக் கூடம் கிடைக்காவிட்டால் கடன் இன்னும் ஏறும். மேலும், கூடத்தின் வாடகையிலிருந்துதான் மோதினாரின் சம்பளத்தில் ஒரு பகுதியும் மின்கட்டணமும் செலுத்தப்படுகின்றன. மக்தப் உஸ்தாதின் குறையும் உண்மையே. சுவரெங்கும் யானையும் மயிலும் ஒட்டியிருந்தால் தொழுகைப் பயிற்சியின்போது பிள்ளைகளின் கண் அங்கே செல்கிறது. மூலையில் சிறு நாற்காலிகள் அடுக்கியிருந்தால் வரிசையில் அமர இடம் போதவில்லை. ளுஹாவுக்கும் குர்ஆன் ஓதுவதற்கும் பள்ளியில் அமரும் முதியவர்கள் குழந்தைகளின் இரைச்சலைக் குறித்து வருந்தியதும் உண்டு.

இவற்றிற்கு எங்கள் குழுவும் ஒரு காரணம். வகுப்பைத் தொடங்கும்போது உஸ்தாதிடமோ, சமையல் செய்வோரிடமோ, முதியவர்களிடமோ நாங்கள் கலந்து பேசவில்லை. நல்ல காரியம்தானே, யார் மறுப்பார்கள் என்று எண்ணினோம். நல்ல காரியத்திற்கும் ஷூரா வேண்டும் என்பதை மறந்தோம். இதற்காக இந்தச் சபையில் வருத்தம் தெரிவிக்கிறோம்.

ஒரு திங்கட்கிழமைக் காலை

இனி, சொல்லத் தயங்கியும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. சென்ற ஆண்டு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஒரு திருமணம். கூடத்தின் பக்கவாட்டில் அடுப்பு வெட்டி விருந்து சமைத்தனர். இரவில் அடுப்பின் மேல் மண்ணைத் தள்ளிவிட்டுச் சென்றனர். திங்கட்கிழமைக் காலையில் மேலே சாம்பல் மட்டுமே தெரிந்தது. அடியில் கங்கு இருந்தது. பந்தைத் துரத்திச் சென்ற ஒரு குழந்தை அதில் கால் வைத்துவிட்டது.

அல்லாஹ்வின் கிருபையால் புண் ஆறிவிட்டது. குழந்தை இன்று ஓடி விளையாடுகிறது. ஆனால் அந்தக் காலையின் அலறலை அங்கிருந்த எவரும் மறக்கவில்லை. பிழை யாருடையது? திருமண வீட்டாருக்கு, மறுநாள் காலையில் குழந்தைகள் வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆசிரியைக்கு, பக்கவாட்டில் அடுப்பு வெட்டப்பட்டது தெரியாது. சொல்ல வேண்டியவர்களும் பார்க்க வேண்டியவர்களும் நாங்கள். பிழை எங்களுடையது.

மூன்று வாரம் கழித்து அந்தத் தாய் குழந்தையை மீண்டும் அழைத்து வந்தார். எங்களில் ஒருவர் கூசிப்போய், "மீண்டும் இங்கேயா அழைத்து வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார். "வேறே எங்கே கொண்டு விடுறது, காக்கா?" என்றார் அவர். அதில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் எங்களுக்கு அது தாங்க முடியாததாக இருந்தது.

2004-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் திருவரங்கத்தில் ஒரு திருமணக் கூடத்தின் கூரைப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்படப் பலர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில், ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துவந்த இடத்தில், சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. ஒன்று திருமணம், மற்றொன்று பள்ளிக்கூடம். இரண்டிலும் நெரிசலும் எளிதில் பற்றும் கூரையுமே எமனாயின. நம் கூடத்திலோ திருமணமும் உண்டு, குழந்தைகளும் உண்டு. தீங்கைத் தடுப்பது நன்மையைத் தேடுவதினும் முற்பட்டது என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளில் ஒன்று. எனவே யாருக்கு இடம் என்று பேசுவதற்கு முன், யாருக்கும் தீங்கு நேராதிருக்க என்ன செய்வது என்று பேசுவோம்.

மஸ்ஜிதுந் நபவியின் முன்மாதிரி

பள்ளிவாசலுக்கு அருகில் குழந்தைகளின் சத்தம் தகுமா என்பாருக்குப் பணிவுடன் சிலவற்றை நினைவூட்டுகிறோம். நீண்டு தொழ நாடி நின்ற நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுதார்கள். ஸுஜூதில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அவர் இறங்கும் வரை ஸுஜூதை நீட்டினார்கள்.

அந்தப் பள்ளிவாசலின் ஒரு பகுதியில் திண்ணைத் தோழர்கள் தங்கிக் கல்வி பயின்றார்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு அங்கேயே கூடாரம் அமைத்துச் சிகிச்சை அளிக்கப்பட்டது. பெருநாளன்று அபிசீனியர்கள் அங்கே ஈட்டி விளையாட்டு நிகழ்த்தினார்கள். ஓர் இடம் தொழுகைக்கும் கல்விக்கும் மருத்துவத்திற்கும் மகிழ்ச்சிக்கும் பயன்பட்டது. ஒவ்வொன்றும் தன் எல்லையை அறிந்திருந்ததால் எதுவும் எதையும் விரட்டவில்லை. நமது கூடமோ தொழுமிடமும் அன்று; அதனை ஒட்டிய கட்டடமே.

எங்கள் பரிந்துரைகள்

முன்பதிவுப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தோம். திருமணங்களில் மிகப் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துள்ளன. மழலையர் வகுப்புக்கு வெள்ளியும் ஞாயிறும் விடுமுறை. ஆக, திருமணமும் வகுப்பும் நேருக்கு நேர் மோதிய நாட்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. உண்மையான மோதல் மறுநாள் காலையில்தான்: எண்ணெய் படிந்த தரை, கழுவாத முற்றம், அணையாத அடுப்பு, கிழிந்துகிடக்கும் படங்கள். நாம் சண்டையிட்டது நாளுக்காக, தவறவிட்டதோ ஒப்படைப்பை. இதை உணர்ந்தால் தீர்வு தொலைவில் இல்லை.

ஒன்று: கூடத்தின் கால அட்டவணையை எழுத்தில் வடித்து வாயிலில் பலகையாக வைத்தல். வகுப்புகளின் நேரங்கள் அனைத்தும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு: திருமண முன்பதிவு, விருந்து முடிவதோடு முடியாமல், கூடத்தைக் கழுவிச் சாவியை ஒப்படைப்பதோடு முடிய வேண்டும். அதற்கென ஒரு முன்பணம் பெற்று, மோதினார் பார்த்து ஒப்புக்கொண்டபின் திருப்பித் தரலாம். ஏழைத் தந்தையிடம் முன்பணத்திற்குப் பதிலாக ஒரு ஜாமீன்தாரர் போதும்.

மூன்று: சமையல் இனிப் பின்புறக் கொல்லையில், சுவருக்கு அப்பால், நிலையான அடுப்பில் மட்டும். இரவிலேயே நீர் ஊற்றிச் சாம்பலை அள்ளிவிட வேண்டும். கூரைப் பந்தல் அறவே கூடாது. கூடத்தின் இரண்டாம் கதவு எக்காலத்திலும் பூட்டப்படலாகாது.

நான்கு: ஹவுளுக்குக் குழந்தைகள் எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் உள்ள கம்பிக் கதவு. இது விபத்து நேர்ந்தபின் செய்யப்படும் வேலையாக ஆகிவிடக் கூடாது.

ஐந்து: மழலையர் வகுப்பும் விட்டுக்கொடுக்க வேண்டும். படங்கள் இனிச் சுவரில் ஒட்டப்படாமல் மடக்குப் பலகைகளில் இருக்கும். விளையாட்டுப் பொருட்களும் நாற்காலிகளும் பூட்டுள்ள அலமாரிக்குள் சென்றுவிடும். கால்மணி நேரத்தில் கூடம் வெறுமையாக வேண்டும் என்பது ஆசிரியைக்கு நாங்கள் இடும் நிபந்தனை.

ஆறு: ஜனாஸா என்றால் பேச்சே இல்லை. அன்று வகுப்பு விடுமுறை. ரமளானில் கஞ்சிக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன்பாகவே குழந்தைகள் வீடு திரும்பிவிடுமாறு நேரம் மாற்றப்படும். வெள்ளக் காலத்தில் கூடம் முழுவதும் பாதிக்கப்பட்டோருக்கே.

ஏழு: இவற்றைக் கவனிக்க ஐவர் குழு. அதில் இருவர் மழலைகளின் தாய்மார்களாக இருக்க வேண்டும். கூடத்தைக் குறித்து இதுவரை நாம் நடத்திய ஆலோசனைகளில், அதை அன்றாடம் பயன்படுத்தும் பெண்களில் ஒருவரைக்கூட நாம் கேட்டதில்லை.

இவை உடனடித் தீர்வுகள். நிலையான தீர்வு ஒன்றும் உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2002-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், ஆறு வயது வரையிலான அனைத்துக் குழந்தைகளுக்கும் மழலைப் பருவப் பராமரிப்பும் கல்வியும் வழங்க அரசு முயல வேண்டும் என்கிறது. 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளேனும் உள்ள ஒரு குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையெனில், மக்கள் கோரிய மூன்று மாதத்திற்குள் அதை அமைக்க வேண்டும் என்று கூறப்பட்டது. நெடுஞ்சாலைக்கு இப்பால் நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருப்பதை நாம் அறிவோம். பிறப்புச் சான்றுகளுடன் பட்டியல் தயாரித்து, தாய்மார்களின் கையொப்பத்துடன் மாவட்ட ஆட்சியரிடம் மனு அளிக்க இச்சபை தீர்மானிக்க வேண்டுகிறோம். மையம் வந்துவிட்டால் நம் குழந்தைகளை மகிழ்ச்சியோடு அங்கே அனுப்பிவைப்போம். நம் வகுப்பு என்றென்றும் நடைபெற வேண்டும் என்பது எங்கள் விருப்பமன்று. குழந்தை ஒரு நாளும் சுளகின் ஓரத்திற்குத் திரும்பக் கூடாது என்பதே விருப்பம்.

முடிவாக

ஒன்றோடொன்று மோதும் தேவைகளில் எதை முற்படுத்துவது? எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஒத்திவைக்க முடிந்தது எது, முடியாதது எது என்று பார்ப்பது. ஜனாஸாவை ஒத்திவைக்க முடியாது. வெள்ளத்தில் நனைந்து நிற்பவரைக் காக்கவைக்க முடியாது. திருமண நாளை ஒரு வாரம் முன்பின்னாக வைக்கலாம். வகுப்பை ஒரு நாள் நிறுத்தலாம். ஆனால் மூன்று வயதை நிறுத்திவைக்க முடியாது. புதிய கட்டடம் எழும்பும் வரை காத்திரு என்று குழந்தையிடம் சொன்னால், கட்டடம் எழும்புமுன் அந்தக் குழந்தை வளர்ந்துவிடும்.

இரு மனுக்களிலும் கையொப்பமிட்டவர்களே, இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, இந்த ஏழு பரிந்துரைகளையும் ஓராண்டுக்கு நடைமுறைப்படுத்திப் பார்க்க ஒப்புதல் தாருங்கள். அடுத்த ஆண்டு இதே சபையில் பேரேட்டோடு வந்து கணக்குச் சொல்வது எங்கள் கடமை. தவறியிருந்தால் எங்களை மாற்றுங்கள், குழந்தைகளை வெளியேற்றாதீர்கள்.

கூடத்தை வக்ஃபு செய்த பெரியவருக்கும், அதைக் கட்டக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களுக்கும் வல்ல அல்லாஹ் மஃபிரத்தை நல்குவானாக! அதில் ஓதும் பிள்ளைகளுக்கும், அங்கே இல்லறத்தில் அடியெடுத்து வைக்கும் மணமக்களுக்கும், அங்கே முதல் எழுத்தைத் தொடும் மழலைகளுக்கும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.